நூஹு மோதினாரின் பட்டியலில் இல்லாத பெயர்

இது நடந்தது. கட்டிய கதையன்று. நடந்த நாளுக்கும் மணிக்கும் இடத்துக்கும் சாட்சிகள் ஒன்பது பேர் இன்றும் உயிரோடிருக்கிறார்கள்.

ஆயினும் கற்பிட்டி வீதித் தேநீர்க் கடைகளில் இதற்குக் கையும் காலும் ஒட்டிவிட்டார்கள். நடுநிசி என்கிறார் ஒருவர். வெள்ளை உடுத்த உருவம் என்கிறார் இன்னொருவர். நாய் ஊளையிட்டதாம், நிலா மறைந்ததாம். வெட்கக்கேடு! நாய்க்கும் நிலாவுக்கும் இதில் வேலையே இல்லை. உப்பளத்து வெள்ளை கண்ணைக் கூசவைத்த முற்பகலில் நடந்தது இது. நஜாத் அன்று தன் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து மனத்தில் பதித்த மணிகளே இங்கே தரப்பட்டுள்ளன. ஒரு நிமிடமும் கூட்டப்படவில்லை.

நஜாத்துக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஜனாஸா, அதாவது மரணம், அறிவிக்கும் ஒலிபெருக்கி வானின் சாரதி. மன்னார்ப் பக்கத்து ஊரொன்று தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து வந்து, புத்தளத்திலிருந்து கற்பிட்டிவரை பதினான்கு குடியேற்றங்களாகச் சிதறிக் கிடக்கிறது. அவ்வூரார் ஒருவர் மௌத்தானால், அடக்கத்துக்கு முன் அந்தப் பதினான்கு இடங்களுக்கும் செய்தி போக வேண்டும். கைப்பேசியில் வரும் செய்தியை இளையவர்கள் நம்புவார்கள். பெரியவர்களுக்கு வான் வந்து சொன்னால்தான் மௌத்து மௌத்து.

அறிவிக்கும் குரல், பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவந்த நூஹு மோதினாருடையது. தொண்டையில் நோய் கண்டதும், குரல் போவதற்கு முன், மூன்று மாதம் உட்கார்ந்து, ஊரில் உயிரோடிருந்த பெரியவர்கள் அத்தனை பேரின் பெயர்களையும் தம் வாயால் சொல்லிக் கணினியில் பதிந்துவைத்தார். நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. "உங்கட வாயால என்ட பேரு வந்தாப் போதும், மோதினார்" என்று வரிசையில் நின்று, தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு குரல் போயிற்று. எட்டு மாதங்களுக்கு முன் அவரும் போனார். தம் ஜனாஸாவையும் அவரே பதினான்கு இடங்களிலும் அறிவித்தார்.

அந்தக் கணினி வானின் முன் ஆசனத்துக்கு அடியில் பூட்டப்பட்டிருந்தது. திரை மட்டும் சுக்கானுக்குப் பக்கத்தில். ஒவ்வொரு குடியேற்றத்திலும் நஜாத் வானை நிறுத்தி, கணினியை எழுப்பி, சிறிய விசைப்பலகையில் கடவுச்சொல்லை அடித்து, பட்டியலில் பெயரைத் தேடித் தொட வேண்டும். பதினான்கு தரம். ஒருநாள் அவசரத்தில் விரல் ஒரு வரி கீழே பட்டுவிட்டது. உயிரோடு வெங்காயம் நடுகிற ஸக்கியா மாமியின் ஜனாஸாவை வான் இரண்டு குடியேற்றங்களில் அறிவித்துவிட்டது. மாமியின் பிள்ளைகள் சிலாபத்திலிருந்து அழுதுகொண்டு வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்தவர் மாமியேதான்.

பள்ளிவாசல் நிருவாகத் தலைவர் முபாரிஸ் ஹாஜியார் நஜாத்தை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினார்.

"உசிரெடுக்கிற இஸ்ராயீலுக்கே நீ லிஸ்ட் குடுக்கிறியா? இன்னொரு தரம் உசிரோட இரிக்கிறவங்கள மௌத்தாக்கினா, வான் திறப்ப இந்த மேசையில வெச்சிட்டுப் போயிரு. விளங்கிச்சா?"

"விளங்கிச்சு, ஹாஜியார்."

இறால் பண்ணை மூடப்பட்ட பின் நஜாத்துக்குக் கிடைத்த ஒரே தொழில் அது. வீட்டில் விதவைத் தாய், மனைவி, இரண்டு பிள்ளைகள். எனவே அடுத்த சனிக்கிழமை அவன் வானை நுரைச்சோலையில் கணினி திருத்தும் றிஸ்மினிடம் கொண்டுபோனான். றிஸ்மின் ஒரு பகல் முழுதும் ஆசனத்துக்கடியில் கிடந்து வயர் இழுத்தான்.

"இனி நீங்க ஒண்டுலயும் கை வைக்கத் தேவல்ல, நானா. பள்ளிவாசல்ல ஒருக்கா ஃபைலப் போடுவாங்க. அவ்வளவுதான். திறப்பத் திருப்பினா இது எழும்பும். பாஸ்வேர்ட் கேக்காமத் தானா உள்ளுக்குப் போகும். வானம் விழுந்தாலும் அந்த ஒரு ஃபைலத்தான் படிக்கும். திறப்ப எடுத்தா நாப்பது செக்கன்ல தானாப் படுத்திரும்."

"கீபோட்?"

"அது என்ட கடையிலேயே இரிக்கட்டும். கை வைக்க இடமிருந்தாத்தானே பிழை வரும்!"

மூன்று நாள் கழித்து, ஒக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. முந்திய இரவு, உப்பளத்தில் கங்காணியாக இருந்த பதுர்தீன் காக்கா மௌத்தாகிவிட்டார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம். காலை எட்டு மணிக்குப் பள்ளிவாசலில் ஃபைலைப் போட்டார்கள். ஹாஜியாரே பக்கத்தில் நின்று கேட்டுச் சரி பார்த்தார். நஜாத் புறப்பட்டான்.

முதலிடம் சரி. வண்டித் திறப்பைத் துளையில் போட்டுத் திருப்பினான், திரை எழுந்தது, பத்தாவது வினாடியில் கூரைமேல் இருந்த ஒலிபெருக்கியில் நூஹு மோதினார் பேசினார். திறப்பை எடுத்தான்; நாற்பதாவது வினாடியில் திரை அணைந்தது. அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

இரண்டாமிடமும் சரி. ஆனால் திரை அணைய ஐம்பது வினாடி பிடித்தது.

மூன்றாமிடத்தில் ஒரு நிமிடம் பத்து வினாடி. திரை கறுத்த பிறகும் ஆசனத்துக்கடியில் விசிறி சுழன்றுகொண்டிருந்தது. திறப்பு அவன் கையில் இருந்தது.

நான்காமிடம். மணி 9.10. வீதியின் இருபுறமும் வெங்காயத் தோட்டம். தூரத்தில் காற்றாலைகள் சுழல்கின்றன. திறப்பைத் திருப்பினான்.

முதலில் ஓர் இருமல் கேட்டது.

நோய்க்கால இருமல். பதிவுகளிலிருந்து ஒவ்வோர் இருமலையும் றிஸ்மின் என்றோ வெட்டி எறிந்துவிட்டிருந்தான். நஜாத் திரையைப் பார்த்தான். ஒலிபெருக்கி தொடர்ந்தது.

"இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸா அறிவித்தல். நஸ்ஹா... நஸ்ஹா அவர்கள்..."

அவன் திறப்பைப் பிடுங்கி எடுத்தான். தோட்டத்தின் நடுவே குனிந்து நின்ற ஒரு மூதாட்டி நிமிர்ந்து வானையே பார்த்தார். அவருடைய கைக் கூடை கீழே விழுந்தது. மற்றப் பெண்கள் யாரும் நிமிரவில்லை.

நஜாத் றிஸ்மினை அழைத்தான்.

"எந்த ஃபைல் ஓடுது, றிஸ்மின்?"

"ஒரு ஃபைல்தானே இரிக்கு. பதுர்தீன் காக்காட."

"நஸ்ஹா எண்டு ஒரு பேரு லிஸ்ட்ல இரிக்கா?"

விசை தட்டும் ஓசை கேட்டது. பட்டியலின் பிரதி அவனிடம் இருந்தது.

"இல்ல, நானா. அப்பிடி ஒண்டு இல்லவே இல்ல."

மறுபடி திறப்பைத் திருப்பினான். இம்முறை பதுர்தீன் காக்காவின் பெயர் பிசகின்றி வந்தது. லுஹருக்கு மூன்றரை மணிநேரம்கூட இல்லை. இன்னும் பத்து இடங்கள் கிடந்தன. வயரில் ஏதோ கோளாறு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு ஓட்டினான்.

ஐந்தும் ஆறும் சரி.

ஏழாமிடம், ஆலங்குடாப் பக்கம். மணி 10.02. திறப்பைத் திருப்பியதும் திரையில், வரக் கூடாத ஒன்று வந்தது. கடவுச்சொல் கேட்கும் கட்டம். அதன் மேலே நூஹு என்ற பெயர்.

கட்டத்துக்குள் ஒரு புள்ளி விழுந்தது.

இரண்டாவது புள்ளி. மூன்றாவது. பிறகு ஓர் இடைவெளி... நடுங்கும் விரல் அடுத்த எழுத்தைத் தேடுவதுபோல. மோதினார் அப்படித்தான் அடிப்பார். நான்கு. ஐந்து. ஆறு. ஏழு.

கட்டம் மறைந்தது. இருமல் கேட்டது.

"ஜனாஸா அறிவித்தல். மர்ஹூம் நெய்னார் அவர்களின் மகள் நஸ்ஹா..."

நஜாத்தின் காலஞ்சென்ற வாப்பா பெயர் நெய்னார். ஊரில் நெய்னார்கள் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேர் என்று அவன் வாய்விட்டே சொல்லிக்கொண்டான்.

கையில் பிடிக்கும் ஒலிவாங்கியை எடுத்து, பதுர்தீன் காக்காவின் பெயரைத் தானே இரண்டு தரம் கூவிவிட்டுப் புறப்பட்டான்.

எட்டாமிடத்தில் பிசகாக ஒன்றும் நடக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஒன்பதாமிடம் அவனுடைய சொந்தக் குடியேற்றம். மணி 10.48. அவன் வீடு மூன்றாம் ஒழுங்கை. உம்மா காலையில் மாவு அரித்துக்கொண்டிருந்தார்.

திறப்பைத் திருப்பினான்.

கட்டம். ஏழு புள்ளிகள். இருமல்.

"மர்ஹூம் நெய்னார் அவர்களின் மகளும்... நஜாத்தின் தங்கையுமான நஸ்ஹா..."

அவனுக்குத் தங்கை இல்லை. அக்காவும் இல்லை. அவன் ஒற்றைப் பிள்ளை.

"...இன்று பின்னேரம் நாலு நாப்பதுக்கு... உச்சமுனைக் கரையில் நல்லடக்கம்..."

வானை விட்டு இறங்கவும் பயம். உள்ளே இருக்கவும் பயம். ஓட்டினான்.

பத்தாமிடத்தில் கணினி பேசுமுன் ஒலிவாங்கியில் அவனே கத்தினான்.

பதினோராமிடத்துக்கு முன்னால் உப்பளம். வெறும் வெள்ளை. ஆளில்லை. மணி 11.17. வானை நிறுத்தினான். திறப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான்.

ஆசனத்தடியில் கை விட்டு, கணினிக்கு மின் கொடுக்கும் ஃபியூஸைப் பிடுங்கினான்.

விசிறி நின்றது.

திரை கறுத்தது.

பத்து வினாடி...

இருபது...

இருமல்.

கூரையிலிருந்து அல்ல. காதுக்கருகில்.

"கேட்டவர்கள்... கேளாதவர்களுக்கு எத்திவையுங்கள்."

ஒவ்வோர் அறிவித்தலும் முடியும் வழக்கமான வாசகம். ஆனால் அதை அவனிடம் மட்டும் கேட்டுக்கொள்வதுபோல்... மெல்ல...

உள்ளங்கையில் ஃபியூஸ் சுட்டது.

எவ்வளவு நேரம் அந்த உப்பு வெளியில் நின்றான் என்பது அவனுக்கே தெரியாது. கைப்பேசி அடித்தது. முபாரிஸ் ஹாஜியார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே எடுத்தான். அவர் வாய் திறக்குமுன் இவனே சொல்லிவிட்டான்.

"ஹாஜியார், நான் கை வைக்கல்ல. அல்லாஹ் மேல சத்தியமா. பிழையான பேரு தானாத்தான் வந்திச்சு. திறப்பக் கொண்டாந்து வெச்சிர்றன்."

"என்னடா பெனாத்துறாய்? ஏழாமிடத்துல, அங்கத்தப் பள்ளி வாசல்ல நானே நிண்டு கேட்டன். பதுர்தீன் பேருதான் வந்திச்சு. பொறகு நீ வேற மைக்கப் புடிச்சி ரெண்டு தரம் கத்தினாய். ஏன்டா கத்தினாய் எண்டு கேக்கத்தான் எடுத்தன். வெயில் தலைக்கு ஏறிட்டா?"

நஜாத் ஃபியூஸைச் சட்டைப் பையில் போட்டான்.

"மிச்ச இடங்களுக்குப் பள்ளி மைக்ல சொல்லச் சொல்லுறன். நீ ஜனாஸாவுக்கு வந்து சேரு."

வேலை பிழைத்தது. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. ஏழாமிடத்தில் ஹாஜியார் கேட்டது ஒரு பெயர். அதே இடத்தில், அதே நிமிடத்தில், இவன் கேட்டது இன்னொரு பெயர். அப்படியானால் அது யாருக்கான அறிவித்தல்?

பதுர்தீன் காக்காவை அடக்கினார்கள். ஊர் திரண்டு வந்திருந்தது. மண் போட்டுவிட்டு நஜாத் வீட்டுக்குப் போனபோது மணி 1.35.

வாசலில் உம்மா ரபியா நின்றிருந்தார். வெளுத்த சேலை. கையில் தஸ்பீஹ் மணிமாலை. செருப்பும் போட்டாயிற்று.

"வந்திட்டியா மகன்? நாலு நாப்பதுதானே? இப்பவே வெளிக்கிட்டாத்தான் துறையில போட் ஏறச் சரி."

நஜாத் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"உம்மா... உங்களுக்கும் கேட்டிச்சா?"

"எனக்குக் கேக்காம வேற ஆருக்கு மகன் கேக்கும்?"

வழியில்தான் உம்மா சொன்னார். முப்பத்து நான்கு ஆண்டுகளாகச் சொல்லாததை முன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார். மன்னாரிலிருந்து படகில் வந்தபோது நஜாத்துக்கு இரண்டு வயது. மடியில் இன்னொன்று இருந்தது. பிறந்து ஐந்தாம் நாள். இரவு முழுதும் மழை. உச்சமுனைத் தீவுக்கு அருகே விடியும்போது அது பால் குடிக்கவில்லை. வாப்பாவும் நூஹு மோதினாரும் மட்டும் இறங்கிக் கையால் மணலைத் தோண்டினார்கள். காற்று எழும்பியதால் படகோட்டி அவசரப்படுத்தினார். மற்றவர்கள் இறங்கித் தொழ நேரமிருக்கவில்லை.

"அறிவிக்க ஏலல்ல மகன். அறிவிக்கிறதுக்கு ஊரு ஒண்டு இருக்கல்லயே. 'நான் உசிரோட இரிக்கிற காலத்துக்குள்ள இந்த ஜனாஸாவ அறிவிப்பன் ரபியா' எண்டு நூஹு காக்கா சொன்னார். பொறகு அவரும் அதக் கதைக்கல்ல. நானும் கதைக்கல்ல. வாப்பா கதைக்கவே விடல்ல."

கற்பிட்டித் துறையில் வானை நிறுத்தினான். தேநீர்க் கடைக்கு முன்னால் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் எழுபதை ஒட்டியவர்கள். எல்லாரும் வெளுத்த உடுப்பில். யாரும் யாரையும் அழைத்து வரவில்லை. ஸக்கியா மாமியும் இருந்தார். அவர் கைவிரல்களில் வெங்காயத் தோட்டத்து மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"என்னடா நஜாத்," என்றார் மாமி. "இண்டைக்காவது சரியான ஆளத்தான் கூப்பிட்டயா?"

யாரும் சிரிக்கவில்லை. மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ திறப்ப எடுத்த பொறகும் எனக்கு முழுக்கக் கேட்டிச்சு. நெய்னார் காக்காட மகள் எண்டதும் கால் தானா வந்திட்டு. அந்தப் போட்டுல வந்தவங்க இந்த உலகத்துல மிச்சம் நாங்கதான்."

நஜாத் எண்ணினான். உம்மாவோடு ஒன்பது. தன்னோடு பத்து.

பெண்கள் அடக்கத்தலமான மையவாடிக்குப் போவது அங்கே வழக்கமில்லை. அன்று அவர்களைத் தடுக்க யாருக்கும் நா எழவில்லை. மீனவர் கில்பட் தம் படகில் ஏற்றிக்கொண்டார். உச்சமுனை என்றதும் அவர் யாரையோ தேடித் துறைப் பக்கம் பார்த்தார்.

"வயசான மோதினார் ஒருத்தரக் கூட்டிட்டு வரேல்லையா? வருசா வருசம் இதே நாளில நான்தான் கொண்டுபோய் விடுறனான். தொண்டை கட்டி, கதைக்கவே ஏலாம இருந்தாலும் வருவார். இந்த முறை இன்னும் காணேல்லையே எண்டு காலையிலேயே நினைச்சன்."

"அவர் மௌத்தாகி எட்டு மாசம்," என்றான் நஜாத்.

கில்பட் சிலுவையிட்டுக்கொண்டார். கரையில் இறங்கி, தாழை மறைவில் இரண்டு முருகைக்கல் நட்ட இடத்துக்கு நேரே அவரே கூட்டிக்கொண்டு போனார்.

நஜாத்தும் நான்கு ஆண்களும் வரிசையில் நின்றார்கள். பெண்கள் பின்னால். தொழுகையைத் தொடங்கித் தக்பீர் கட்டும்போது அவன் மணியைப் பார்த்தான். 4.40. காற்றுக்கூட இல்லை. தொழுகை முடிந்தது. உம்மா அந்தச் சின்ன இடத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

துறைக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தேநீர்க் கடை ஸுல்பிகா ராத்தா வெளியே வந்தார்.

"தம்பி, வானுக்குள்ள டீவியப் போட்டிட்டே போயிட்டீங்க. நீங்க போனதில இருந்து எரிஞ்சிட்டே இருந்த. பற்றரி எறங்கப் போகுதே எண்டு நானும் பார்த்திட்டு இருந்தன்."

"இப்ப எரியல்லையே, ராத்தா."

"அது நாலு நாப்பதுக்குத் தானா நிண்டிட்டு. பேக்கரியில இருந்து பாண் வந்த நேரம், மணி பார்த்தன்."

திறப்பும் ஃபியூஸும் அவன் சட்டைப் பையில் இருந்தன.

மறுநாள் றிஸ்மின் கணினியைக் கழற்றிக் கடைக்குள் கொண்டுபோய்ப் பார்த்தான். எழுந்த நேரம், உள்நுழைந்த நேரம், அணைந்த நேரம் எல்லாம் அதில் தானாகப் பதிவாகும். படித்துக்கொண்டே போனவன் திரையை நஜாத் பக்கம் திருப்பினான்.

"நானா, ஓடினது பதுர்தீன் காக்காட ஃபைல் மட்டும்தான். வேற ஒண்டும் ஓடல்ல. ஆனா இஞ்ச பாருங்க... 9.10, 10.02, 10.48. இந்த மூணு தரமும் தானா உள்ளுக்குப் போகல்ல. ஆரோ பாஸ்வேர்ட் அடிச்சித்தான் போயிரிக்காங்க. கீபோட்டால."

விசைப்பலகை அவனுக்குப் பின்னால், அலுமாரியின் மேல் தட்டில் இருந்தது. சனிக்கிழமை சுற்றிவைத்த வயர் சுற்றினபடியே இருந்தது.

"கடைசி ஷட்டவுண் 4.40," என்றான் றிஸ்மின். "முறையா மூடியிரிக்கு. வேலை முடிஞ்சி மூடின மாதிரி."

நஜாத் அந்த வானை இன்றும் ஓட்டுகிறான். கணினியும் அதுதான். குரலும் அதுதான். அதன் பின் ஒரு பிழையும் வரவில்லை.

இந்த விவரமெல்லாம் கேட்டவர்கள், "மோதினாருக்குத்தான் அந்தக் குழந்தையைத் தெரியுமே, என்றோ பதிந்து ஒளித்துவைத்திருப்பார்" என்று எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். உம்மாவுக்கும் நஜாத் அதைத்தான் சொன்னான். அடுத்த வெள்ளிக்கிழமை, மாவு அரித்துக்கொண்டிருந்த உம்மாவின் கை நின்றது.

"பேரு ஏழாம் நாள்தானே மகன் வைக்கிறது? அது அஞ்சாம் நாளே போயிட்டு. நஸ்ஹா எண்டு என்ட மனசுக்குள்ளதான் வெச்சிருந்தன். வாப்பாக்கும் சொல்லல்ல. உனக்கும் சொல்லல்ல. இந்த வாயால ஒருக்காலும் சொல்லல்ல."

உம்மா மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"நூஹு காக்காவுக்கு ஆரு சொன்ன?"